‘தேய்மானம்’ என்ற ஒற்றைச் சொல்

எடப்பாடி பக்கம் ஐம்பது வயசு தாண்டிய பெண்களிடம் முட்டி வலி, முதுகு வலி எதனால் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “தேய்மானம்ங்க.” இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று ஏன் தெரியாமலே போனது?

முதலாவது மூட்டுத் தேய்மானம், ஆஸ்டியோஆர்த்ரைடிஸ். மூட்டில் இருக்கும் குருத்தெலும்பு தேய்கிறது. வலிக்கும், அதனால் தெரிந்துவிடும். இரண்டாவது ஆஸ்டியோபோரோசிஸ், தமிழில் எலும்புப்புரை. எலும்பு உள்ளுக்குள்ளேயே சல்லடையாகிறது, ஆனால் வலிக்காது. லேசாக வழுக்கி விழுந்து மணிக்கட்டோ இடுப்போ முறியும்போதுதான் வெளியே வரும். முதுகெலும்பு நொறுங்கி உயரம் குறைந்தால்கூட “வயசாச்சு, கூன் விழுந்திருச்சு” என்று சொல்லி முடித்துவிடுவோம்.

மருத்துவ உலகமே இதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. பெயர் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. மாதவிலக்கு நிற்பதற்கும் இதற்கும் உள்ள தொடர்பை பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட் 1940-41 வாக்கில்தான் எடுத்துச் சொன்னார். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு கரையும் வேகம் கூடும், புதிதாகக் கட்டும் வேலை ஈடுகொடுக்க முடியாது. சாதாரண எக்ஸ்ரேயில் தெரிய எலும்பு ஏறக்குறைய முப்பது சதவீதம் போயிருக்க வேண்டும். முன்கூட்டியே அளக்கும் டெக்ஸா ஸ்கேன் 1980களின் கடைசியில் வந்தது. உலக சுகாதார நிறுவனம் ‘டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழ்’ என்று கோடு போட்டது 1994இல். அதாவது நம் பாட்டிகளுக்கு இந்த நோய் இருந்திருந்தாலும் சொல்ல ஆளும் இல்லை, கருவியும் இல்லை.

இப்போது இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிலக்கு நின்ற, நன்றாக நடமாடிக்கொண்டிருந்த 150 பெண்களை ஸ்கேன் செய்தார்கள். பாதிப் பேருக்கு ஏதோ ஓரிடத்தில் எலும்புப்புரை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வைட்டமின் டி போதவில்லை. சாப்பாட்டில் கால்சியமும் குறைவு.

கால்சியம் என்றதும் எனக்கு எங்கள் ஊர் களிதான் ஞாபகம் வருகிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் 344 மில்லிகிராம் கால்சியம், அரிசியில் சுமார் 10. என் அம்மாயி தினமும் களி கிண்டினார். என் அம்மா வாரம் ஒருநாள். என் வீட்டில் விருந்தாளி வந்தால்! மேட்டூர் வாய்க்கால் தண்ணீர், ரேஷன் அரிசி, 2011 முதல் அதுவும் இலவசம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து தட்டு மாறியது. பசி தீர்ந்தது, அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் கால்சியத்தின் இடத்தை வேறெதுவும் நிரப்பவில்லை. (ராகியில் ஃபைடேட் இருப்பதால் அத்தனையும் உடம்பில் சேராது. முளைகட்டினால் கொஞ்சம் நல்லது.)

அடுத்தது வெயில். காட்டு வேலை செய்த தலைமுறைக்கு அது இலவசம். விசைத்தறிக் கூடத்தில் பகல் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு மேட்டூர் வெயில் அடித்தும் பயனில்லை.

மற்ற காரணங்கள்: 45 வயசுக்கு முன்னால் மாதவிலக்கு நிற்பது, கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிடுவது, நீண்டகால ஸ்டீராய்டு மாத்திரை, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பு முறிந்த வரலாறு, மிக ஒல்லியான உடம்பு, புகை.

எங்கள் பெரியம்மா வாசல்படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். எலும்பைச் சோதிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நான்கு வருஷம் கழித்து இடுப்பு முறிந்தது. அதன்பிறகு அவர் தனியாக நடக்கவே இல்லை.

2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாக ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல தொடக்கம். ஆனால் ஏற்கனவே ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ராகி மட்டும் போதாது. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே ஓர் எலும்பு முறிந்தால், அதுவே முதல் எச்சரிக்கை. கட்டு போடும் டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்: “டெக்ஸா எடுக்கணுமாங்க?”