பாறுகளுக்கு என்ன நேர்ந்தது?

ஊர்ப் புறம்போக்கில் இறந்து கிடக்கும் மாட்டைச் சுற்றிப் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக இறங்கும் காட்சியை நீங்கள் பார்த்ததுண்டா? வீட்டிலுள்ள முதியவர்களைக் கேளுங்கள். சிறு வயதில் பார்த்ததாகச் சொல்வார்கள். இப்பறவைக்குத் தமிழில் பாறு என்ற பழம்பெயரும் உண்டு. செத்த விலங்கின் இறைச்சியே இதற்கு உணவு.

ராஜஸ்தானத்தில் உள்ள பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் 1980களில் வெண்முதுகுப் பாறுகளின் கூடுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. 1990களில் அவை விரைந்து குறைவதை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் கண்டார். பறவைகள் கழுத்தைத் தொங்கவிட்டபடி மரக்கிளைகளில் சோர்ந்திருந்தன. மரத்தடியில் இறந்தும் கிடந்தன. 1992 முதல் 2007 வரையிலான 15 ஆண்டுகளில் இந்தியாவில் இவ்வினம் 99.9 விழுக்காடு அழிந்தது. அதாவது, ஆயிரம் பறவைகள் இருந்த இடத்தில் ஒன்றே எஞ்சியது!

காரணம் யாது? உணவுப் பஞ்சம் என்று சொல்வதற்கில்லை. செத்த மாடுகளுக்குக் குறைவில்லை. பூச்சிக்கொல்லியோ புதியதொரு தொற்றுநோயோ என்று பலரும் ஐயுற்றனர். பாகிஸ்தானின் பஞ்சாபில் லிண்ட்சே ஓக்ஸ் என்னும் அமெரிக்க அறிஞரின் குழுவினர் இறந்த பாறுகளை அறுத்துப் பார்த்தனர். இதயம், ஈரல் ஆகியவற்றின் மேல் சுண்ணாம்பு பூசியது போல் வெண்படலம் படிந்திருந்தது. அது யூரிக் அமிலம். பறவைகள் உடலின் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாகவே வெளியேற்றுகின்றன. சிறுநீரகம் செயலிழந்தால் அது இரத்தத்தில் பெருகி உறுப்புகளின் மேல் படிந்துவிடும்.

சிறுநீரகத்தைக் கெடுத்தது எது? நச்சுக்கிருமி, பூச்சிக்கொல்லி, கன உலோகம் என ஒவ்வொன்றாகச் சோதித்தும் விடை கிடைக்கவில்லை. அடுத்து அக்குழுவினர் செய்ததுதான் இந்த வரலாற்றிலேயே மிகச் சுவையான பகுதி என்பேன். அவர்கள் கால்நடை மருந்து விற்போரிடம் சென்று, மாடுகளுக்கு என்னென்ன மருந்துகள் தரப்படுகின்றன என விசாரித்தனர். மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் தரப்படும் டைக்ளோபினாக் அகப்பட்டது! சிறுநீரகம் கெட்டு இறந்த 25 பாறுகளிலும் அம்மருந்து இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 பாறுகளில் ஒன்றில்கூட இல்லை. 2004இல் இம்முடிவு வெளியாயிற்று.

மருந்து ஏற்றப்பட்ட மாடுகள் எல்லாமா சாகின்றன என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் நஞ்சு இருந்தாலே இந்தப் பேரழிவு நேரும் என்று கணக்கிட்டுள்ளனர். ஒரே மாட்டைப் பல பாறுகள் கூடித் தின்கின்றன. இணை ஒன்று ஆண்டுக்கு ஒரு முட்டையே இடுகிறது. குஞ்சு வளர்ந்து தானும் இனம் பெருக்க ஏறத்தாழ ஐந்தாண்டு ஆகும். இழப்பை எப்படி ஈடுகட்டுவது? பாறுகள் போன இடங்களில் செத்த மாடுகளைத் தின்று தெருநாய்கள் பெருகின. வெறிநாய்க்கடி அச்சமும் உடன் பெருகியது.

2006இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகிய நாடுகள் கால்நடைகளுக்கான டைக்ளோபினாக்கைத் தடை செய்தன. மெலாக்சிகம் என்னும் மாற்று மருந்து பாறுகளுக்குத் தீங்கற்றது என்பதும் சோதனையில் தெரிந்தது. ஆயினும், மனிதருக்கான டைக்ளோபினாக்கைப் பெரிய குப்பிகளில் வாங்கி மாட்டுக்குப் போடும் வழக்கம் நின்றபாடில்லை. அதனால் 2015இல் ஒரு குப்பியின் அளவை 3 மில்லிலிட்டராகக் குறைத்தார்கள். அசிக்ளோபினாக் என்ற மருந்து மாட்டின் உடலுக்குள் சென்றதும் டைக்ளோபினாக்காகவே மாறிவிடுகிறது. வேறு பெயரில் வந்த அதே நஞ்சு! அதனையும் கீட்டோபுரோபனையும் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2023இல் இந்தியா தடை விதித்தது. உங்கள் வீட்டு மாட்டுக்கு ஊசி போட வருபவரிடம் மருந்தின் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் முதுமலையை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறுகள் இன்னும் வாழ்கின்றன. ஆற்றங்கரையின் உயர்ந்த நீர்மருத மரங்களில் கூடு கட்டி, கூட்டுக்கு ஒரு முட்டையாக இட்டு வருகின்றன.