கறையும் கருமையும்

பழம்பொருளைப் பேணுதலாவது அதன்மேற் படிந்த யாவற்றையும் போக்கிப் புதுக்குதல் அன்று. போக்கத்தக்கது இது, தகாதது இது எனப் பகுத்தறிதலே ஆம். இவ்வுண்மையை நம் பழவேற்காட்டு வரலாறே விளக்கி நிற்றலின், சங்கத்து அன்பர்கட்கு அதனைச் சுருங்க எடுத்துரைப்பாம்.

ஒல்லாந்தர் 1610-ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் குடியேறி, 1613-இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் அவர்தம் வாணிகம் இவ்வூரிலிருந்தே நடத்தப்பட்டது. அந்நூற்றாண்டில் இக்கரைத் தச்சர் கருங்காலி மரத்திற் கொடியும் பூவுமாகச் செதுக்கி, முறுக்குக் கடைசற் கால்கள் அமைத்து இயற்றிய நாற்காலிகள் கப்பலேறி ஐரோப்பா சென்றன. காலம் கழியவே அவற்றின் பிறப்பிடம் மறக்கப்பட்டது. ஹோரஸ் வால்போல் என்னும் ஆங்கில அறிஞர் 1763-இல் அத்தகைய நாற்காலிகளை விலைக்கு வாங்கித் தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் இட்டபோது, அவை பண்டை ஆங்கில வேந்தர் காலத்தன என்றே நம்பினார். நம் நாட்டார் கைத்திறன் பிற நாட்டார் பெருமையாக எண்ணப்பட்டது! பிற்கால ஆராய்ச்சியாளரே உண்மையை நிலைநாட்டினர்.

கருங்காலியின் கருமை ஊட்டிய சாயமன்று. அம்மரத்தின் வயிரத்திற் பிறந்தது. அம்மரம் கிடைத்தற்கு அரிதாகலின், ஐரோப்பியத் தச்சர் பேரி முதலிய மரங்கட்குக் கருஞ்சாயம் ஏற்றினர். அச்சாயத்தைச் சுரண்டின் வெண்மரம் தோன்றும். கருங்காலியைச் சுரண்டினும் கருமையே தோன்றும். ஆயின் செதுக்குவேலை அழியும்.

இனி, கோட்டைக்குப்பம், கூனங்குப்பம் முதலிய நம் ஏரிக்கரையூர்களின் உப்புக்காற்றில் இருக்கும் தேக்குப் பெட்டிகளை நோக்குவோம். ஆணியைச் சுற்றித் தோன்றும் கருவட்டம் வெறும் அழுக்கன்று. மரத்திலுள்ள துவர்ப்பொருள், ஈரத்தால் இரும்புத் துருவோடு கூடியமையான் விளைந்த கறை அது. சோழமண்டலக் கரையின் ஓவியத் துணிகட்குக் கருமை ஊட்டியதும் இம்முறையே. கடுக்காய்த் துவரோடு இரும்புக் கரைசலைக் கூட்டினர். ஒல்லாந்தர் நாடி வந்த சரக்குகளுள் தலையாயவை அத்துணிகளே.

இக்கறையை நீக்கும் முறை வருமாறு. முதற்கண் துருப்பிடித்த ஆணியை அகற்றுக. அது நிற்கும்வரை கறை மீளும். பின்னர், மறைவிடத்திற் சோதித்து, நீர்த்த ஆக்சாலிக் அமிலத்தைக் கறையின்மேல் மட்டும் தடவி, பன்முறை தூயநீரால் துடைத்து நிழலில் உலர்த்துக. அது நஞ்சாகலின் கையுறை இன்றியமையாதது, சிறார் அணுகலாகாது. காரச்சோடாக் கரைசல் துவர் மிகுந்த மரத்தைக் கருக்கச் செய்யும், அதனை விலக்குக. உப்புத்தாள் கொண்டு செதுக்குவேலையைத் தேய்த்தல் எஞ்ஞான்றும் தகாது.

பிறிதொரு கறையும் உண்டு. நைலான் வலை வருமுன், பருத்தி வலை இற்றுப்போகாமைப்பொருட்டு மீனவர் பனிச்சங்காய்ச் சாற்றை ஊட்டினர். பனிச்சை கருங்காலிக்கு இனமாகிய மரமே. முன்னோர் வலை வைத்த பெட்டியில் அச்சாற்றின் பழுப்பு இன்றும் இருக்குமாயின், அது குற்றமன்று. அவர்தம் தொழில் இட்ட கையெழுத்து. அதனை அழித்து மெருகேற்றி விற்பார்க்குச் சில காசு கிடைக்கலாம். பெட்டியோ ஊரும் பேரும் இழந்ததாகும்.

வால்போலின் நாற்காலிகள் பிறப்பிடம் இழந்தமைக்குக் காரணம், அதனை எழுதிவைத்தார் இன்மையே. ஆதலின் அன்பர்காள், தம் இல்லத்துப் பழம்பெட்டியிற் கைவைக்குமுன், அது யார் வழி வந்தது, எத்தொழிற்குப் பயன்பட்டது என ஒரு தாளில் எழுதி உள்ளே வைம்மின். கறை நீக்கல் அதன்பின் ஆகுக.