கத்தி எட்டாத இடம்: முதுகுநாண் கட்டியின் சிகிச்சை வரலாறு

1857 ஆம் ஆண்டில் ஜேர்மனிய நோயியலறிஞர் ருடோல்ப் வேர்க்கோ, மண்டையோட்டின் அடித்தளத்தில் காணப்பட்ட கூழ்போன்ற சிறு கட்டிகளை நுணுக்குக்காட்டியின்கீழ் ஆராய்ந்தார். அவற்றின் கலங்களினுள்ளே நீர்க்குமிழிகளை ஒத்த வெளிகள் நிறைந்திருந்தன. கசியிழையத்திலிருந்து தோன்றியவை என்பது அவர் முடிபு. மறு ஆண்டிலேயே முல்லர் என்பார் அதனை மறுத்து, முளையப் பருவத்தில் முள்ளந்தண்டுக்கு முன்னோடியாயமைந்து பின்னர் மறைந்துபோகும் முதுகுநாணின் எச்சங்களே அவை என வாதிட்டார். எனினும் 1894 இல் றிபேட் முயல்களில் நிகழ்த்திய பரிசோதனைகளின் பின்னரே முல்லரின் கருத்து வலுப்பெற்றது. கோர்டோமா என்ற பெயரும் றிபேட் இட்டதே.

ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவரையே பற்றும் இந்நோய் மெல்லவே வளர்வது. இதன் கொடுமை இயல்பிலும் பார்க்க இருப்பிடத்திலேயே பெரிதும் தங்கியுள்ளது எனலாம். மண்டையோட்டு அடியில் தோன்றும் கட்டி மூளைத்தண்டுக்கு முன்னே சரிந்து நிற்கும் என்பினுள் வேர்கொள்கிறது. இருமருங்கும் மூளைக்குக் குருதி செலுத்தும் நாடிகளும் கண்ணை அசைக்கும் நரம்புகளும் உள்ளன. முற்றாக அகற்ற முனைந்தால் நோயாளி பார்வையையோ, விழுங்கும் ஆற்றலையோ, உயிரையோ இழக்கலாம். சிறிது விட்டுவைத்தாலோ அது மீண்டும் வளரும். சத்திரசிகிச்சையாளரைப் பல தலைமுறைகளாக வாட்டிய இடர் இதுவே.

எக்ஸ்-கதிரும் இவ்விடரைத் தீர்க்கவில்லை. இக்கட்டியைக் கட்டுப்படுத்த 70 கிறே அளவிலோ அதற்கு மேலோ கதிர்வீச்சு வேண்டும். அருகிலுள்ள மூளைத்தண்டோ ஏறத்தாழ 54 கிறே வரையே பாதுகாப்பாகத் தாங்கும். எக்ஸ்-கதிர் இலக்கைக் கடந்து அப்பாலும் செல்வது.

வழி பௌதிகவியலிலிருந்து வந்தது. அல்பாத் துணிக்கைகள் தம் பாதையின் முடிவிலேயே சத்தியை மிகுதியாகச் சொரிந்து நின்றுவிடுவதை வில்லியம் பிறாக் 1904 அளவில் அவுஸ்திரேலியாவில் கண்டிருந்தார். அணுகுண்டு ஆக்கத்தில் பங்குகொண்டிருந்த றொபேட் வில்சன், இதே இயல்புடைய புரோத்தன் கற்றையை உடலின் ஆழத்துக் கட்டிகளுக்குப் பயன்படுத்தலாமென 1946 இல் எழுதினார். முதல் நோயாளி 1954 இல் பேர்க்லியில் சிகிச்சை பெற்றார். ஹாவாட் பல்கலைக்கழகத்தில் பௌதிக ஆய்வுக்கென 1949 இல் இயங்கத் தொடங்கிய சைக்கிளோத்திரன், ஆய்வாளர் பெரிய பொறிகளை நாடிச் சென்றபின் நோயாளருக்கு உரியதாயிற்று. அங்கு 1970களின் நடுப்பகுதி முதல் ஹேர்மன் சூட் முதலியோர் கதிர்வீச்சைப் பல வாரங்களுக்குப் பகிர்ந்து அளித்தனர். கட்டியின் எல்லையைத் தெளிவாகக் காட்டிய சி.ரி. ஸ்கான் அக்காலத்திலேயே வந்தமை நற்பேறாகும். எல்லை தெரியாதவிடத்துக் கூரிய கற்றையினால் பயனில்லை.

ஆனாற் கதிர் கத்தியை ஓய்வுபெறச் செய்துவிடவில்லை. எஞ்சும் கட்டி சிறிதாயிருக்க வேண்டும். மூளைத்தண்டிலிருந்து சில மில்லிமீற்றராவது விலகியிருக்கவும் வேண்டும். அன்றேற் புரோத்தனும் தயங்கும். இவ்விடைவெளியை உண்டாக்கிக் கொடுப்பது சத்திரசிகிச்சையாளரின் பணியாயிற்று. 1990களிலிருந்து, முகத்தையோ மண்டையோட்டையோ திறவாமல், ஒளிதரும் மெல்லிய உள்நோக்குக் குழாயை மூக்கினூடாகச் செலுத்தி அவ்வென்பை அடையும் முறை வளர்ந்தது. டாம்ஸ்ராட்டில் 1997 இல் காபன் அயன் கற்றையும் மண்டையோட்டு அடிக் கட்டிகளுக்குப் பயன்பட்டது.

ஹாவாட்டின் சைக்கிளோத்திரன் 2002 இல் மூடப்பட்டது. அதற்குள் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளர் அங்கு சிகிச்சை பெற்றிருந்தனர்.