இலக்குப் பலகையும் காட்டு மானும்

பதினெட்டாம் நூற்றாண்டிலே அப்பலாச்சிய மலைச்சாரற் காடுகளை வெட்டிக் குடியேறிய அமெரிக்க உழவனின் குடிசையில் விலைமதிப்புள்ள பொருள்கள் மிகச் சிலவே இருந்தன. அவற்றுள் ஒன்று துப்பாக்கி. பெரும்பாலும் ஒரே துப்பாக்கிதான். இறைச்சிக்கு மான் வேண்டியபோதும், அயலவர் கூடிப் பந்தயம் வைத்துக் குறிபார்த்துச் சுட்டபோதும் அவன் தோளில் ஏறியது அதுவே. ஆகவே அதனைத் தெரிந்தெடுத்தல் அவனுக்குப் பொழுதுபோக்கன்று. வீட்டில் அடுப்பு எரிவதும் எரியாதிருப்பதும் அந்தத் தெரிவைப் பொறுத்திருந்தன.

அத்துப்பாக்கியின் மூதாதை ஜேர்மனியிலிருந்து வந்தது. குழலின் உட்சுவரில் திருகுப்புரி போன்ற வரித்தடங்களை வெட்டினால், வெளியேறும் குண்டு பம்பரம்போற் சுழன்று நேரே செல்லும் என்பதை மத்திய ஐரோப்பியக் கொல்லர் 1500ஆம் ஆண்டளவிலேயே அறிந்திருந்தனர். இவ்வாறு வரியிட்ட குழலுடைய துப்பாக்கியே றைபிள் எனப்படுவது. ஜேர்மன் வேட்டைக்காரர் விரும்பிய றைபிள் குட்டையானது. குழல் ஏறக்குறைய 30 அங்குலம், குண்டோ பருத்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜேர்மன், சுவிஸ் கொல்லர்கள் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர்ப் பகுதியிற் குடியேறிப் பட்டறை அமைத்தனர். அங்கே அவர்கள் கையில் அது மெல்ல மெல்ல உருமாறியது. குழல் 40 அங்குலத்துக்கு மேல் நீண்டது, துளை சிறுத்தது, கட்டை உள்ளூர் மேப்பிள் மரத்தில் மெலிதாகச் செதுக்கப்பட்டது.

ஏன் இந்த மாற்றம் என்று வினவின், விடை ஒரு சிறு கணக்கில் இருக்கின்றது. ஓர் இறாத்தல் ஈயத்தை உருக்கி வார்த்தால் 0.65 அங்குல விட்டமுள்ள குண்டுகள் 17 மட்டுமே தேறும். அதே ஈயத்தில் 0.45 அங்குலக் குண்டுகள் 50 வரை வார்க்கலாம். ஈயமும் வெடிமருந்தும் குதிரை முதுகில் மலை கடந்து வரவேண்டிய நாட்டில் இந்த வேறுபாடு சிறிதன்று. சிறிய குண்டுக்கு மருந்தும் குறைவாகவே வேண்டும். குழல் நீண்டபடியால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் கூடிற்று. குறி தவறுதல் குறைந்தது. கொழுப்புத் தடவிய துணித்துண்டிற் குண்டைச் சுற்றிக் குழலுள் தள்ளும் வழக்கத்தால், வரித்தடங்களை இறுக அடைத்தும் எளிதாக இறங்கியும் குண்டு தன் இடத்தை அடைந்தது. சிக்கனத்துக்காகச் செய்த மாற்றம், எவரும் எதிர்பாராத அளவுக்குக் கூர்மையான குறியையும் தந்தது எனலாம்.

மான் அந்நாளில் உணவு மட்டுமன்று, பணமும் ஆகும். அமெரிக்கர் இன்றும் டாலரைப் பேச்சுவழக்கிற் கலைமானின் பெயரால் அழைப்பது, தோலை நாணயம்போற் கொடுத்து வாங்கிய அக்காலத்தின் எச்சம் என்பர். டானியல் பூன் 1769ஆம் ஆண்டு கென்டக்கிக் காட்டினுட் புகுந்ததும் இந்தத் தோலுக்காகவே. பல மாதங்கள் வேட்டையாடிச் சேர்த்த தோல்கள் யாவற்றையும் அவ்வாண்டின் இறுதியில் ஷோனி இனத்தவர் பறித்துக்கொண்டு, திரும்பி வராதே என்று எச்சரித்து அவரை விட்டனர். அது தங்கள் வேட்டைக்காடு என்பது அவர்கள் கூற்று. அக்கூற்றில் நியாயம் இல்லையென்று கூறுதல் அரிது.

போட்டிகளும் வேட்டையை ஒட்டியே வளர்ந்தன. மாடு ஒன்றைப் பந்தயமாக வைத்து, வென்றவர்கள் அதன் பங்குகளை வரிசைப்படி கொண்டு செல்வதுண்டு. இலக்கு மரத்திற் புதைந்த ஈயத்தையும் ஒரு பங்காகக் கணக்கிட்டனர். பறவை ஓவியர் ஓடுபோன் கென்டக்கியிற் கண்ட விளையாட்டுகளைப் பதிவு செய்துள்ளார். பலகையில் மூன்றில் இரு பங்கு அறைந்த ஆணியைக் குண்டாலேயே முழுதும் அறைதல் ஒன்று; இரவிலே 50 அடிவைப்புத் தூரத்தில் எரியும் மெழுகுதிரியின் கருகிய நுனியைச் சுடர் அணையாமற் கொய்தல் மற்றொன்று. பின்னையது வெறும் வேடிக்கையன்று. பந்த ஒளியில் மானின் கண் மின்னும்போது சுடுவதற்கு அதுவே பயிற்சி. பந்தயத்திற் பிழைபடாத துப்பாக்கி காட்டிலும் பிழைபடாது என்று அவர்கள் நம்பினர். அக்காலத்துத் தூரங்களுக்கு அந்நம்பிக்கை சரியாகவே இருந்தது.

1823ஆம் ஆண்டு வெளியான 'முன்னோடிகள்' என்னும் நாவலில் பெனிமோர் கூப்பர் இவ்வுலகத்தைக் காட்டுகின்றார். வீழ்ந்த மான் எவருடைய குண்டினால் வீழ்ந்தது என்ற வழக்கோடு கதை தொடங்குகின்றது. நத்தார்க் காலத்து வான்கோழிச் சூட்டுப் போட்டி இடையில் வருகின்றது. வேட்டை தடுக்கப்பட்ட பருவத்தில் மானைச் சுட்ட முதிய வேட்டைக்காரர் சட்டத்தின் பிடியில் அகப்படுகின்றார். துப்பாக்கி பெருகினால் மான் அருகும் என்ற கவலை அத்துணை முன்னரே தோன்றிவிட்டது.

நிலம் மாறியபோது துப்பாக்கியும் மாறவேண்டியதாயிற்று. மிசிசிப்பிக்கு மேற்கே காட்டெருதும் கரடியும் எதிர்ப்பட்டன. மெலிந்த பென்சில்வேனியக் குண்டு அவற்றுக்குப் போதவில்லை. சென் லூயிஸ் நகரில் ஹோக்கன் சகோதரர் குட்டையான, கனத்த குழலும் பெரிய துளையும் உடைய றைபிள்களைச் செய்தனர். குண்டின் பருமன் பற்றிய இதே வழக்கு இலங்கை மலைநாட்டிலும் எழுந்ததென்பது நம்மவர்க்குச் சுவையான செய்தியாகும். 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், பெருவிலங்குக்குப் பெருங்குண்டே வேண்டும் என்று விடாது வாதிட்டவர். அவரே மலைநாட்டு மரைகளை நாய்களால் மறித்துக் கத்தியாற் கொன்றார் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

இலக்கும் வேட்டையும் பிரிந்த நாளை ஏறக்குறையச் சுட்டிக்காட்டலாம். அது 1874ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆந் திகதி. இலக்குச் சூட்டில் விம்பிள்டனிற் பெரும்பரிசு வென்றிருந்த அயர்லாந்துக் குழு அமெரிக்கரைப் போட்டிக்கு அழைத்தது. தூரங்கள் 800, 900, 1000 யார். அமெரிக்கருக்கோ அத்தூரங்களிற் பழக்கமில்லை. தகுந்த துப்பாக்கியும் இல்லை. றெமிங்டன், ஷார்ப்ஸ் என்னும் இரு தொழிலகங்கள் சில மாதங்களிற் புதிய றைபிள்களைச் செய்து கொடுத்தன. அவை பின்புறத்தால் தோட்டா இடுபவை. அயர்லாந்தர் கொணர்ந்தவை டப்ளின் றிக்பி பட்டறையின், வாய்வழியே மருந்து இடும் பழைய முறையின. நியூயோர்க்கை அடுத்த கிரீட்மூர் வெளியில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். அயர்லாந்து வீரர் ஒருவர் இலக்கின் நடுவை அழகாகத் துளைத்தார்; ஆனால் அது அவருடைய இலக்கன்று, பக்கத்து இலக்கு. கடைசிச் சூடு அமெரிக்கரான கேணல் போடைன் கையில் இருந்தது. சற்று முன்னர் இஞ்சிப் பானப் போத்தல் வெடித்து அவருடைய கையைக் கிழித்திருந்தது. இரத்தம் வடியும் கையைக் கைக்குட்டையாற் கட்டிக்கொண்டு 1000 யார் தூரத்து இலக்கை அவர் தவறாமல் அடித்தார். முடிவு 934க்கு 931. பிழையான இலக்கில் வீணான அந்த ஒரு குண்டு இல்லையெனின் வெற்றி அயர்லாந்துக்கே.

அந்த றைபிள்கள் மிக நுட்பமானவை. தூரத்துக்கும் காற்றுக்கும் ஏற்பப் பின்குறியை நுண்ணளவிலே திருத்திக்கொள்ளலாம். எனினும் மான் தான் நிற்கும் தூரத்தை அறிவிப்பதில்லை. அளவைத் திருத்தும்வரை காத்து நிற்பதும் இல்லை. 10 இறாத்தல் நிறையுள்ள நீண்ட குழலைச் சுமந்து பற்றைக் காட்டில் நாள் முழுதும் நடத்தலும் எளிதன்று. வேட்டைக்காரன் வேறு வழியை நாடினான். ஜோன் பிரௌனிங் வகுத்த 1894ஆம் ஆண்டு வின்செஸ்டர் அவன் வேண்டியதைக் கொடுத்தது. இலேசானது, நெம்பினால் அடுத்த தோட்டா ஏறும், 1895 முதல் புகையில்லா மருந்து நிரப்பிய 0.30 அங்குலத் தோட்டா அதற்குக் கிடைத்தது. இலக்குப் போட்டியில் அது பெரும்புகழ் பெறவில்லை. ஆனால் காட்டில் மான் பெரும்பாலும் 100 யாருக்குள்ளேயே தென்படும். அதற்கு அது போதுமானது. அவ்வகை 70 இலட்சத்துக்கும் மேற்பட்டவை விற்பனையாயின.

இவ்வாறு வேட்டைக்காரனின் துப்பாக்கி திருந்திய வேளையில் மான் மறைந்துகொண்டிருந்தது. சந்தைக்கு இறைச்சி விற்றோரும் காடழித்தோரும் சேர்ந்து, 1900ஆம் ஆண்டளவில் நாடு முழுவதிலும் வெள்ளைவால் மான்களைச் சில இலட்சங்களுக்குக் குறைத்துவிட்டனர். வெர்மொன்ட் மாநிலத்திலே மான் அற்றுப்போகும் நிலை வந்து, 1878இல் நியூயோர்க்கிலிருந்து 17 மான்களைக் கொணர்ந்து விடவேண்டியதாயிற்று. 1900இல் லேசிச் சட்டம் சட்டவிரோதமாகக் கொன்ற விலங்குகளை மாநில எல்லை கடத்தி விற்பதைத் தடுத்தது. 1937ஆம் ஆண்டுச் சட்டமொன்று துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது. துப்பாக்கி வாங்கியவனின் பணத்தாலேயே மான் மீண்டு பெருகிற்று என்பது இவ்வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

பிரிந்த இரு வழிகளையும் மீண்டும் அருகே கொணர்ந்தது போர். 1903ஆம் ஆண்டு ஸ்பிரிங்பீல்ட் இராணுவ றைபிளும், அதற்கு 1906இல் அமைந்த 0.30 தோட்டாவும் முதலாம் உலகப்போரிற் பழகிய இளைஞரோடு ஊர் திரும்பின. போட்டித் திடலிலும் மலைக்காட்டிலும் அவை நன்கு பயன்பட்டன. 1936இல் வந்த வின்செஸ்டர் 70 ஆம் மாதிரியோ, ஒரே இயக்கப் பொறியிற் கனத்த குழலை ஏற்றி இலக்குக்கும், இலேசான குழலை ஏற்றி வேட்டைக்குமாகச் செய்யப்பட்டது. 1952இல் தோன்றிய 0.308 தோட்டா இரு துறைகளிலும் இன்றளவும் நிலைத்திருக்கின்றது.

ஆயினும் இணக்கம் துப்பாக்கி வரையிலேயே. குண்டு இன்னும் இரண்டாகவே இருக்கின்றது. இலக்குக் குண்டு தாளைத் துளைத்தாற் போதும். உடலினுள் விரிவதற்கென அது செய்யப்படுவதில்லை. மானின் மேற் பட்டால் சிறு துளையிட்டு அப்பாற் சென்றுவிடவுங் கூடும். காயம்பட்ட விலங்கு நெடுந்தூரம் ஓடி, எவர் கண்ணிலும் படாமல் இறக்கும். வேட்டைக் குண்டின் நுனி மென்மையானது. பட்ட இடத்தில் விரிந்து விரைவிற் கொல்லும். நிறையும் வேகமும் வேறானபடியால் இரண்டும் ஒரே புள்ளியிற் படுவதும் அருமை. ஆதலால் போட்டி முடித்துக் காட்டுக்குப் புறப்படுபவர், ஒரே றைபிளை எடுத்துச் சென்றாலும், வேட்டைத் தோட்டாக்களை இட்டு முதலிற் சில சூடுகளைத் தாள் இலக்கிலே சுட்டுப் பார்த்துக் குறியைத் திருத்திக்கொள்கின்றனர்.