துலைதுலா: நதி சூழ்ந்த கோட்டை நகரில் ஒரு நாள்

ஸ்பெயினுக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் குர்துபா பள்ளிவாசலையும் கிரனாடாவின் அல்ஹம்ராவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். தலைநகர் மாட்ரிட்டிலிருந்து சுமார் 70 கி.மீ. தெற்கே, அதிவேக ரயிலில் அரை மணி நேரத் தொலைவில் உள்ள டொலேடோவுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். அரபு நூல்களில் 'துலைதுலா' என்று வரும் ஊர் இதுதான். 1986இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஊர் ஒரு பாறைக் குன்றின் மேல் இருக்கிறது. மூன்று பக்கமும் தாஹோ நதி ஆழமான பள்ளத்தில் வளைந்தோடுகிறது. நதி காக்காத வடக்குப் பக்கத்தை மதில் காக்கிறது. விசிகோத் மன்னர்களின் தலைநகராக இருந்த இவ்வூர் தாரிக் பின் ஸியாதின் படையிடம் வந்த பிறகு, சுமார் 370 ஆண்டுகள் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. அந்தக் காலம் ஊர்ப் பெயர்களில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நதியைக் கடக்கும் அல்காந்தரா பாலத்தின் பெயர் 'அல்கன்தரா', அதாவது பாலம். உச்சியிலுள்ள அல்காஸர், 'அல்கஸ்ர்'. நடு ஊரின் ஸொகொடோவர் சதுக்கம், 'ஸூக் அத்தவாப்' என்ற பழைய கால்நடைச் சந்தை. அரபு தெரிந்தவருக்கு இங்கே பாதி வழிகாட்டி வேலை மிச்சம்.

வடக்கு மதில் வாசலை ஒட்டியுள்ள பாபுல் மர்தூம் பள்ளிவாசலை முதலில் பாருங்கள். ஒரு மஹல்லாவின் சிறு பள்ளிதான். உள்ளே நான்கு தூண்கள், ஒன்பது சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்தின் மேலும் ஒரு குவிமாடம். ஒன்பதும் ஒன்பது விதமான அமைப்பு. தூண்களின் தலைப்பகுதிகள் பழைய விசிகோத் கட்டடங்களிலிருந்து எடுத்தவை. முகப்பில் செங்கற்களையே எழுத்தாக அடுக்கிய கூஃபி வரி, அஹ்மத் பின் ஹதீதீ தம் சொந்தப் பணத்தில் இதைக் கட்டியதையும், ஹிஜ்ரி 390 முஹர்ரத்தில் (கி.பி. 999-1000) பணி முடிந்ததையும் சொல்கிறது. பின்னர் இது தேவாலயமாக்கப்பட்டு, பின்பகுதியில் பலிபீட மண்டபம் சேர்க்கப்பட்டது. கல்வெட்டை மட்டும் யாரும் அழிக்கவில்லை.

ஜும்ஆ பள்ளிக்கு அந்த வாய்ப்பு கிட்டவில்லை. 1085 மே மாதம் ஆறாம் அல்ஃபோன்ஸோவிடம் ஊர் சரணடைந்தபோது, பள்ளி முஸ்லிம்களிடமே இருக்கும் என்று வாக்களிக்கப்பட்டிருந்தது. அரசர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அது பறிக்கப்பட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. 1226இல் அந்த இடத்தில் தொடங்கிய பேராலயத்தைத்தான் இன்று காண்கிறோம். இதே அல்ஃபோன்ஸோ, சில ஆண்டுகளுக்கு முன் சகோதரனால் விரட்டப்பட்டு, துலைதுலாவின் அமீர் அல்மஃமூனிடம் அடைக்கலம் பெற்றிருந்தவர்!

ஆனால் இவ்வூரை இழப்பின் கதையாக மட்டும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இங்கே காழியாக இருந்த ஸாஇத் அல்அந்தலுஸீ, 1068இல் 'தபகாதுல் உமம்' என்ற நூலில் அறிவியலை வளர்த்த சமுதாயங்களை வரிசைப்படுத்தினார். முதல் இடம் இந்தியாவுக்கு! அவரது வட்டத்தில் இருந்த அஸ்ஸர்காலீ உலோக வேலை செய்பவராகத் தொடங்கி, வானியல் கருவிகளில் தலைசிறந்தவரானார். ஊர் கைமாறிய பின் அரபு நூல்களைத் தேடி இத்தாலியிலிருந்து கிரெமோனாவின் ஜெரார்ட் வந்தார். 1187இல் இறக்கும்வரை அவர் லத்தீனில் பெயர்த்தவை சுமார் எழுபது. இப்னு ஸீனாவின் 'அல்கானூன்' அவற்றில் ஒன்று. அதுவே பின்னர் பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவின் மருத்துவப் பாடநூலாயிற்று.

இன்னொன்று பலருக்கு வியப்பளிக்கும். கிறிஸ்தவ ஆட்சி வந்து இருநூறு ஆண்டுகள் வரையிலும் இவ்வூர்க் கிறிஸ்தவர்கள் வீடு, நில விற்பனைப் பத்திரங்களை அரபியில்தான் எழுதினர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பத்திரங்கள் எஞ்சியுள்ளன.

யூதர் பகுதியில் சாந்தா மரியா லா பிளாங்கா என்ற பழைய ஜெப ஆலயத்தைத் தவறவிடாதீர்கள். வெள்ளைத் தூண்களும் குதிரைலாட வளைவுகளுமாக, பள்ளிவாசலோ என்று திகைக்க வைக்கும். பெயரோ கிறிஸ்தவப் பெயர்.

சந்துகள் செங்குத்தானவை, கற்கள் வழுக்கும். நல்ல காலணி வேண்டும். வடக்கு மதிலிலிருந்து மேலேற நகரும் படிக்கட்டு உண்டு. கோடை வெயில் கடுமையானது. பாபுல் மர்தூம் இன்று நுழைவுக் கட்டணத்துடன் கூடிய நினைவுச்சின்னம். அங்கே தொழுகை இல்லை. பயணியாக இருப்போரில் ஷாஃபிஈ மத்ஹபினர் ளுஹரையும் அஸரையும் ஜம்உ செய்துகொள்ளலாம். ஹனஃபிகள் அந்தந்த நேரத்துக்கு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். மாலையில் நதியின் தென்கரை மேட்டுக்குப் போனால் மதில், பாலம், நதி, ஊர் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும்.