போத்தலின் அடியில் கிடக்கும் மண்டி: வீட்டில் பியர் காய்ச்சுவோரும் சியரா நெவாடாவும்

ஒரு பெரிய கொம்பனி விற்கும் பியரை, அதைத் தன் வீட்டுக் குசினியிலேயே காய்ச்சத் தெரிந்த ஒருவர் எப்படி மதிப்பிடுவார்? கைராசியான சமையற்காரி ஒருத்தி சாப்பாட்டுக் கடைக்குப் போனதைப் போலத்தான். குறை கண்டுபிடிப்பதற்கென்றே முதல் வாயை வைப்பார்.

கனடாவில் வீட்டில் பியர் காய்ச்சும் குழு ஒன்றில் நான் பல வருடங்களாக இருக்கிறேன். அவரவர் காய்ச்சியதைக் கொண்டுவந்து ருசி பார்ப்போம். இடையில் கடைப் பியர்களையும் திறப்போம். கடைப் பியர்களில் பெரும்பாலானவை எங்கள் வாயிலிருந்து தப்புவதில்லை. ஆனால் பச்சை லேபல் ஒட்டிய ‘சியரா நெவாடா பேல் ஏல்’ மேசைக்கு வந்தால் பேச்சின் தொனி மாறிவிடும். அமெரிக்காவில் பலசரக்குக் கடைகளிலும் எரிபொருள் நிலையங்களிலும்கூட வாங்கக்கூடிய, சாதாரணமான பியர் அது. அமெரிக்க வீட்டு பியர் காய்ச்சுவோர் சங்கத்தின் சஞ்சிகையான ‘சைமர்ஜி’ தன் வாசகர்களிடம் நடத்திவந்த வாக்கெடுப்புகளிலும் அது திரும்பத் திரும்ப முன்வரிசையில் வந்திருக்கிறது. எங்கும் கிடைக்கும் ஒரு பொருளுக்கு, கைப்பக்குவம் தெரிந்தவர்களிடம் இந்த மரியாதை எப்படிக் கிடைத்தது என்பதுதான் இக்கட்டுரையின் விடயம்.

தொடருமுன் இரண்டு விடயங்கள். போருக்குப் பிந்திய எங்கள் ஊர்களில் மது எத்தனை குடும்பங்களைத் தின்றது என்பதை வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை. இது குடிக்கச் சொல்லும் கட்டுரை அல்ல. மற்றது, இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது மதுவரிச் சட்டப்படி குற்றம். கீழே வரும் செய்முறைகள் அது சட்டபூர்வமாக உள்ள நாடுகளுக்குரியவை.

‘காய்ச்சுதல்’ என்றதும் எங்களுக்குக் கசிப்புத்தான் ஞாபகம் வரும். பியர் அப்படியல்ல. முளைக்கவைத்து உலர்த்திய பார்ளியை வெந்நீரில் ஊறவைத்து இனிப்பான சாறை எடுக்கிறார்கள். அதை ஹொப்ஸ் என்ற பூவோடு சேர்த்து ஒரு மணித்தியாலம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, பள்ளிக்கூடத்தில் ‘மதுவம்’ என்று படித்த ஈஸ்டைச் சேர்க்கிறார்கள். ஒன்றிரண்டு கிழமையில் அது நொதித்துவிடும். ஆவியாக்கி வடிப்பது எந்தக் கட்டத்திலும் இல்லை. அந்த வகையில் பியர் கசிப்புக்கோ சாராயத்துக்கோ சொந்தமல்ல, கள்ளுக்குத்தான் சொந்தம்.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அது நீங்கியபோது வீட்டில் வைன் செய்ய இடம் கிடைத்தது. பியர் மட்டும் விடுபட்டுப்போனது. அந்த விடுபடலைத் திருத்த 45 வருடங்கள் பிடித்தன. 1978 ஒக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் 1979 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வயது வந்தவர் இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டில் வருடத்துக்கு 200 கலன், அதாவது ஏறக்குறைய 757 லீற்றர், வரியில்லாமல் காய்ச்சலாம், விற்கக்கூடாது. அதற்குப் பிறகும் மாநிலங்கள் தனித்தனியாக இழுத்தடித்தன. மிசிசிப்பியிலும் அலபாமாவிலும் 2013 வரை அது சட்டவிரோதமாகவே இருந்தது.

கென் குரொஸ்மன் என்ற இளைஞர் வட கலிபோர்னியாவின் சிக்கோ நகரில் வீட்டு பியர் காய்ச்சுவோருக்கான பொருட்கள் விற்கும் கடையைத் திறந்தது 1976இல். சட்டம் வருவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்! பிறகு போல் கமூசி என்பவரோடு சேர்ந்து சியரா நெவாடா ஆலையைத் தொடங்கினார். புதிய இயந்திரம் வாங்கப் பணம் இல்லை. பால் பண்ணைகள் கழித்துவிட்ட தொட்டிகளையும் சோடா நிரப்பும் பழைய இயந்திரத்தையும் தேடிப்பிடித்துத் தாங்களே ஒட்டிப் பொருத்தினார்கள். 1980 நவம்பரில் முதல் பியர் காய்ச்சினார்கள். பேல் ஏல் ஒரே ருசியில் திரும்பத் திரும்ப வரும்வரை பல தொட்டிகளை அப்படியே சாக்கடையில் ஊற்றினார்கள். கடனில் ஓடும் சிறு ஆலைக்கு அது எவ்வளவு பெரிய நட்டம் என்பது வீட்டில் 19 லீற்றரைக் கெடுத்துக் கொட்டியவருக்கே புரியும். குரொஸ்மனை ‘எங்கள் ஆள்’ என்று வீட்டுக்காரர்கள் சொல்வதற்கு இந்தக் கதைதான் முதற் காரணம்.

இரண்டாவது காரணம் மணம். ஒரேகனில் அரச ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கி 1972இல் வெளியிட்ட கஸ்கேட் என்ற ஹொப்ஸ் இனத்தை இந்தப் பியர்தான் உலகறியச் செய்தது. பம்பளிமாஸ் தோலைக் கிள்ளினால் எழும் வாசமும் பைன் பிசினின் வாசமும் கலந்தது அது. அக்காலத்து அமெரிக்கப் பெரிய ஆலைகள் ஹொப்ஸ் வாசமே தெரியாத, தண்ணீர் போன்ற பியரை விற்றுக்கொண்டிருந்தன. இன்று வீட்டில் காய்ச்சப் பழகும் ஒருவருக்கு எங்கள் குழுவில் முதலில் கொடுக்கும் பாடம் இந்தப் பேல் ஏலைப் போலச் செய்து பார் என்பதுதான். மோல்ட் பெரும்பாலும் ஒரே வகை, வறுத்துச் சிவந்த மோல்ட் சிறிதளவு, கடைசியில் தாராளமாகக் கஸ்கேட். மதுசாரம் 5.6 வீதம். ஒளித்துவைக்க அதில் ஒன்றுமில்லை. அதனாலேயே உங்கள் பிழையும் அதில் ஒளிய இடமில்லை.

ஆனால் மரியாதையின் வேர் போத்தலின் அடியில் கிடக்கிறது.

பெரிய ஆலைகள் பியரை வடிகட்டி, பெரும்பாலும் சூடாக்கி, ஈஸ்டைக் கொன்று, வாயுவை அழுத்தத்தில் ஏற்றி அடைக்கும். சியரா நெவாடா பேல் ஏலை அடைக்கும்போது கொஞ்சம் உயிருள்ள ஈஸ்டையும் அதற்குத் தீனியாகச் சிறிது இனிப்பையும் விடுகிறார்கள். மூடிய போத்தலுக்குள்ளேயே மீண்டும் சிறு நொதிப்பு நடந்து நுரை உண்டாகிறது. ஈஸ்ட் பிறகு அடியில் மெல்லிய மண்டியாகப் படிந்துவிடும். குடிப்பவர் அதைக் கவனிக்கவும் மாட்டார். வீட்டில் காய்ச்சுபவருக்கு அது விதைநெல்.

எடுக்கும் விதம் இலேசானது. அடைத்த திகதி பார்த்து மிகப் புதிதான போத்தல்களை வாங்கி, குளிர்சாதனப் பெட்டியில் சில நாட்கள் அசையாமல் நிறுத்திவைக்க வேண்டும். பியரை மெதுவாக ஊற்றிவிட்டு அடியில் ஒரு விரற்கடை விட வேண்டும். போத்தல் வாயை நெருப்பில் வாட்டி, கொதித்து ஆறிய ஐதான மோல்ட் சாறு கொஞ்சம் இருக்கும் சுத்தமான குடுவைக்குள் அந்த மண்டியைக் கலக்கி ஊற்றி, வாயைத் தளர்வாக மூடி, அடிக்கடி சுழற்றிவிட வேண்டும். இரண்டு மூன்று நாளில் வெண்ணிறமாகப் படியத் தொடங்கும். பிறகு சாற்றைக் கூட்டிக் கூட்டி ஒரு லீற்றர் அளவுக்குப் பெருக்கினால் ஒரு முழுத் தொட்டிக்குப் போதும். புளித்த அல்லது அழுகிய மணம் வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

நல்ல ஈஸ்ட் பக்கற்றில் கிடைக்காத காலத்தில் அமெரிக்காவின் வீட்டுக்காரர்கள் பலர் இப்படித்தான் தப்பினார்கள். இன்று கடைகளில் அதிகம் விற்கும் அமெரிக்க ஏல் ஈஸ்டுகள் சிலவற்றுக்கும் இந்த ஈஸ்டே மூலம் என்று பரவலாக நம்பப்படுகிறது. பேச்சு வழக்கில் அதற்குப் பெயரே ‘சிக்கோ’. ஒரு கொம்பனி தன் பொருளின் உயிரை வாங்குபவர் கையில் கொடுத்துவிட்டு, அதை எடுத்துப் பெருக்கினால் வழக்குப் போடுவேன் என்று மிரட்டாமல் இருந்தது. எங்கள் குழுவில் யாரைக் கேட்டாலும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்பார்கள்.

கள்ளோடு வளர்ந்தவருக்கு இதில் புதுமை இல்லை. கழுவாத முட்டியில் ஒட்டியிருக்கும் பழைய மண்டிதான் அடுத்த நாள் கள்ளைப் புளிக்கவைக்கிறது; சுண்ணாம்பு தடவிவிட்டால் புளிக்காது, கருப்பணி கிடைக்கும். போத்தலில் அடைத்து வெளிநாட்டுக்கு வரும் பனங்கள்ளைப் பற்றி ஊர்க் கள்ளின் ருசி தெரிந்தவர்கள் முகம் சுழிப்பதும் இதனால்தான். சூடாக்கி நொதிப்பை நிறுத்தாமல் கள்ளை அடைத்தால் போத்தல் வெடிக்கும். ஆகவே அடைப்பவரைக் குறைசொல்ல முடியாது. பியரில் மீதிச் சீனியை அளந்து விடலாம். பனையிலிருந்து இறங்கும் கள்ளில் அப்படி அளக்க இடமில்லை.

குற்றச்சாட்டுகளும் உண்டு. ‘முந்தி மாதிரி இல்லை’ என்பது அதிகம் கேட்கும் முறைப்பாடு. என் கணிப்பில், அப்படிச் சொல்பவர்களில் பாதிப்பேரின் நாக்குத்தான் மாறியிருக்கிறது. பத்து மடங்கு ஹொப்ஸ் போட்ட, பழச்சாறு போன்ற கலங்கல் பியர்களைக் குடித்துப் பழகிய வாய்க்கு இது சப்பென்றுதான் இருக்கும். மீதிப்பேர் பழைய போத்தலைக் குடித்திருப்பார்கள். ஹொப்ஸின் வாசம் மாதக் கணக்கில் மங்கிக்கொண்டே போகும். எல்லை தாண்டி, வெயில் படும் கடை யன்னலில் காத்திருந்த பியரை வைத்துத் தீர்ப்பெழுதுவது நியாயமில்லை. ஆலை ஒருகட்டத்தில் திருகித் திறக்கும் மூடியை விட்டுவிட்டு, நெம்பித் திறக்கும் மூடிக்கு மாறியது. காற்று உட்புகாமல் இருக்கத்தான் அந்த மாற்றம். வாடிக்கையாளர் சிலர் முணுமுணுத்தார்கள், நாங்கள் சந்தோசப்பட்டோம். அந்தப் போத்தலைக் கழுவி எங்கள் பியரை அடைக்கலாம் அல்லவா!

2018இல் அதே கொம்பனி ‘ஹேசி லிட்டில் திங்’ என்ற கலங்கல் பியரை விட்டபோது குழு இரண்டாகப் பிரிந்தது. சந்தைக்குப் பின்னால் ஓடுகிறார்கள் என்றார்கள் சிலர். பேல் ஏலைத் தொடர்ந்து காய்ச்சப் பணம் வேண்டும்தானே என்றார்கள் மற்றவர்கள். நான் இரண்டாவது பக்கம்.

யார் கையில் இருக்கிறது என்பதும் ருசியோடு சேர்த்துப் பேசப்படுகிறது. சான் டியாகோவின் ‘பலஸ்ட் பொயின்ற்’ ஆலையும் வீட்டு பியர் காய்ச்சுவோருக்கான கடையிலிருந்து பிறந்ததுதான். 1992இல் கடை, 1996இல் ஆலை. 2015இல் ‘கொன்ஸ்ரலேஷன்’ என்ற பெருங்கொம்பனி அதை ஏறக்குறைய 100 கோடி டொலருக்கு வாங்கியது. ஏறக்குறைய நாலு வருடத்தில் விற்பனை விழுந்து, பெயர் தெரியாத சிறு ஆலை ஒன்றுக்குக் கைமாறியது. சான் பிரான்சிஸ்கோவின் பழம்பெரும் ‘அங்கர்’ ஆலையை 2017இல் ஜப்பானின் சப்போரோ வாங்கி, 2023இல் மூடியது. சியரா நெவாடா இன்றும் குரொஸ்மன் குடும்பத்தின் கையில் இருக்கிறது. கமூசியின் பங்கைக்கூட 1990களின் இறுதியில் கடன்பட்டு வாங்கினார்கள், வெளியாருக்குப் போய்விடக் கூடாதென்று. வடக்கில் 1970களில் உருவான பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களின் வரலாறு தெரிந்தவருக்கு இந்தக் கவலை விளங்கும். இறக்குபவரின் கள்ளுக்கு விலை சொல்வது யார் என்ற கேள்வியிலிருந்து பிறந்தவை அவை.

2018 நவம்பர் 8 அன்று சிக்கோவுக்குப் பக்கத்திலுள்ள பரடைஸ் என்ற ஊர் காட்டுத்தீயில் ஒரே பகலில் அழிந்தது. 85 பேர் இறந்தார்கள். பல்லாயிரம் பேர் கையில் கிடைத்ததோடு ஓடி, சிக்கோவின் வாகனத் தரிப்பிடங்களிலும் புல்வெளிகளிலும் கூடாரம் போட்டார்கள். ஆலையின் ஊழியர்கள் பலரும் வீடிழந்தார்கள். படங்களைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்த இடங்களை இதை வாசிப்பவருக்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம்: தீக்குக் காரணமான மின்சாரக் கொம்பனி 2020இல் நீதிமன்றத்தில் 84 பேரின் மரணத்துக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

சியரா நெவாடா ‘ரெசிலியன்ஸ்’ என்ற பெயரில் ஒரு பியரின் செய்முறையை எழுதி நாட்டிலுள்ள ஆலைகள் எல்லாவற்றுக்கும் அனுப்பியது. நீங்களும் இதையே காய்ச்சுங்கள், விற்கும் பணம் முழுவதையும் நிவாரணத்துக்குக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. 1,400க்கும் மேற்பட்ட ஆலைகள் காய்ச்சின. மோல்ட்டும் ஹொப்ஸும் விற்பவர்கள் அவற்றை இலவசமாகக் கொடுத்தார்கள். போட்டியாளர்கள் இத்தனை பேர் ஒரே பியரை ஒரே நேரத்தில் காய்ச்சியது அந்தத் தொழிலில் அபூர்வமான விடயம். எல்லாம் நல்லபடி முடியவில்லை. விற்ற பணத்தை அனுப்பாமல் இழுத்தடித்த ஆலைகள் இருந்தன என்பது அடுத்த வருடமே வெளியே வந்தது. இடம்பெயர்ந்தோர் பெயரில் சேரும் பணம் வழியில் தங்கிப்போவது எங்களுக்கும் புதிதல்ல.

செய்முறை வெளிப்படையாக இருந்ததால் வீட்டுக்காரர்களும் அதைக் காய்ச்சினார்கள். வீட்டுப் பியரை விற்கச் சட்டம் இடம் கொடுக்காது. ஆகவே அவர்களிடமிருந்து நிதிக்கு விற்பனைப் பணம் எதுவும் போகவில்லை. நண்பர்களைக் கூப்பிட்டு ஊற்றிக்கொடுத்து, மேசையில் ஒரு தகரப் பேணியை வைத்தார்கள்.