மட்டை நட்ட வயல்

நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்ததும் வயலுக்குள் தென்னை மட்டைகளைத் தலைகீழாக நடுவது எங்கள் தஞ்சைப் பக்கத்து வழக்கம். தடித்த அடிப்பக்கம் மேலே நிற்கும். பகலில் கரிச்சான் அதில் உட்கார்ந்து புழு பூச்சி பிடிக்கும். இருட்டினால் எலி பிடிக்கக் கூகை வரும். கூரைமேல் கத்தினால் சாக்குருவி என்று கல்லெறிந்தவர்களும் தங்கள் வயலில் அதற்கு மட்டை நட்டார்கள். கதிர் பால் பிடித்துவிட்டால், "பிடுங்கிப் போடுங்க, குருவி உக்காந்து நெல்லைத் தின்னுடும்" என்று அப்பா அவசரப்படுத்துவார்.

எலி என்றைக்கும் உண்டு. ஆனால் 1960-களில் தீவிர வேளாண்மைத் திட்டமும் ஏடிடி 27 நெல்லும் வந்து, சம்பா மட்டும் விளைந்த நிலங்கள் பல குறுவை, தாளடி என்று இருபோகமாயின. வரப்பெலிக்கும் ஆண்டில் இரண்டு முறை கதிர் கிடைத்தது. மூங்கில் வில்லை வளைத்துக் கட்டிய தஞ்சாவூர்க் கிட்டியை வளை வாசலில் வைத்து எலி பிடித்தவர்களுக்கு வால் கணக்கில் கூலி. அடுத்து மருந்து வந்தது: முதலில் துத்தநாக பாஸ்பைடு, பிறகு புரோமாடியோலோன். இரண்டாவது உடனே கொல்லாது. தின்ற எலி சில நாள் தள்ளாடித் திரியும். அதைத்தான் கூகை சுலபமாகத் தூக்கும். விஷம் அதன் உடம்பிலும் ஏறும்.

மட்டையின் அடியில் கட்டைவிரல் பருமனில் கறுத்த உருண்டைகள் கிடக்கும். எச்சமில்லை, கூகை கக்கியது. காய்ந்ததை உடைத்தால் ரோமப் பொதிக்குள் எலியின் மண்டையோடு முழுசாக, மஞ்சள் முன்பல்லோடு இருக்கும். இருட்டிலும் எலியின் சலசலப்பைக் கேட்டே அது பாய்கிறது. இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லாததால், சத்தம் மேலிருந்தா கீழிருந்தா என்பதும் அதற்குப் பிடிபடும். இப்படி எலி பிடிக்கும் பறவையின் உடம்பில்தான் நம் விஷம் ஏறுகிறது. மருந்தை நிறுத்த இதைவிட வேறு காரணம் எனக்கு வேண்டியதில்லை.

இன்றும் வேளாண்மைத் துறையினர் பறவைத் தாங்கி நடச் சொல்கிறார்கள். நல்லது, ஆனால் மட்டை உட்காரத்தான். கூகை கூடு கட்டாது. மரப்பொந்தும் கோபுர மாடமும்தான் அதன் வீடு. பழைய மரங்கள் போய்விட்டன, திருப்பணி நடக்கும் கோயில்களில் மாடங்களுக்கு வலை அடிக்கிறார்கள். மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் கூகைக்கென்றே மரப்பெட்டி வைக்கிறார்கள், நாமும் வைக்கலாம். அதற்கு முன்னால், வயல் பார்த்த பக்கம் ஒரு மாடத்தையாவது திறந்து விடுங்கள் என்று எங்கள் ஊர்த் திருப்பணிக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.